மலையகத்தில் கார்: பிராண்ட் நியூவா, பாவித்ததா? ஐந்து வருடச் செலவைக் கூட்டிப் பார்ப்போம்

கொட்டகலை வாசி

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஆசிரியர்கள். எனக்கு ஹட்டன் பக்கம் பாடசாலை, அவருக்கு லிந்துலைப் பக்கம். அம்மாவுக்கு மாதாமாதம் கண்டியில் கிளினிக். முழங்கால் வலியோடு அவர் இரண்டு பஸ் மாறிப் போய் வருவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் கார் எடுக்க முடிவு செய்தோம்.

40 லட்சம் வரை புரட்டலாம். அதில் 15 லட்சம் மாமனார் காணி விற்ற காசு. மீதிக்கு லீசிங். எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சின்ன பிராண்ட் நியூ கார், ரோட்டில் இறக்கும்போது 80 லட்சம் அளவில் வரும். மற்றது, 2016ஆம் ஆண்டு ஜப்பான் சிறிய கார், இங்கே ஓடியது, 45 லட்சம் கேட்கிறார்கள். மாதம் சுமார் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுவோம். "புதுசு எடுத்தால் ஐந்து வருடத்துக்குத் தலைவலி இல்லை" என்கிறார் மைத்துனர். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலைக் கணக்கர்

சேர், வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. ஐந்து வருடம் வைத்திருந்து விற்கும் நாளில், உங்கள் கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு போயிருக்கும் என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன விலைகளை வைத்தே போட்டுப் பார்க்கிறேன். வட்டி வீதமும் விற்பனை விலையும் நான் ஒரு பேச்சுக்கு எடுத்தவை. உங்கள் லீசிங் கம்பனி சொல்வதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிராண்ட் நியூ: 40 லட்சம் கையில் இருந்து, 40 லட்சம் லீசிங். 14 வீதம், 60 மாதம் என்றால் மாதத் தவணை 93 ஆயிரம் ரூபா அளவில் வரும். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 15 லட்சத்து 84 ஆயிரம். நீங்கள் போட்ட 40 லட்சத்தை நிலையான வைப்பில் 8 வீதத்துக்கு வைத்திருந்தால் ஐந்து வருடத்தில் 16 லட்சம் கிடைத்திருக்கும். அதுவும் செலவுதான். எங்கள் ஆட்கள் இந்த வரியை எப்போதும் விட்டுவிடுவார்கள். 80 லட்சத்துக் காரை ஐந்து வருடம் கழித்து 50க்கு விற்றால் 30 லட்சம் குறைவு. சர்விஸுக்கு 3 லட்சம் வைப்போம். மொத்தம் ஏறக்குறைய 65 லட்சம்.

பாவித்தது: 25 லட்சம் கையில் இருந்து, 20 லட்சம் லீசிங். பழைய வாகனத்துக்கு வட்டி கொஞ்சம் கூடக் கேட்பார்கள், 16 வீதம், 48 மாதம் என்று எடுக்கிறேன். தவணை 56,700 அளவில், வட்டி 7 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் 25 லட்சம் இழக்கும் வைப்பு வட்டி 10 லட்சம். 35க்கு விற்றால் பெறுமதிக் குறைவு 10 லட்சம். திருத்த வேலைக்கும் சர்விஸுக்கும் தாராளமாக 8 லட்சம். பழையது லீட்டருக்கு 12 கிலோமீற்றரும் புதியது 18ம் கொடுக்கும், பெற்றோல் லீட்டர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 8,300 ரூபா வித்தியாசம், ஐந்து வருடத்தில் 5 லட்சம். எல்லாம் சேர்த்து 40 லட்சம்.

இடைவெளி 25 லட்சம். மாதத்துக்கு 41 ஆயிரம் ரூபா. முழுக் காப்புறுதியை நான் சேர்க்கவில்லை. அது வாகனத்தின் பெறுமதியை வைத்துக் கணிக்கப்படுவதால் புதியதற்கே கூடும், இடைவெளி இன்னும் விரியும்.

மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு என் பதில்: பாவித்ததை எடுங்கள். மாமனாரின் 15 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

நுவரெலியா ரோட்டுக்காரன்

கணக்கு சரி. ஆனால் 8 லட்சத் திருத்த வேலை என்பது கொழும்புக் கணக்கு. இங்கே ஒரு வாகனம் படும் பாட்டை அந்த எண் காட்டாது.

பண்டாரவளை பாஸ்

நான் கராஜ் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன தம்பியோடு பாதி ஒத்துப்போகிறேன். மலையில் முதலில் போவது எது என்று சொல்கிறேன், பிறகு உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக். றம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்குகிறவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வருவார்கள். பேட் எரிந்த வாசம் பின்னால் வரும் வாகனத்துக்கும் அடிக்கும். பேட் மலிவு, மாற்றிவிடலாம். கவனிக்க வேண்டியது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நுவரெலியா மாதிரி ஈரமான இடத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் கொதிக்கும், பெடல் அடிமட்டும் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பழைய வாகனம் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோக முதல் செய்யும் வேலை அதுவாக இருக்கட்டும்.

அடுத்தது சி.வி.டி. என்ற, பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்பாக்ஸ். நான்கு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் மணிக்கணக்கில் ஏறும்போது அதன் ஒயில் சூடாகும். ஒயில் மாற்றத் தேவையில்லை என்று சொல்லி விற்பார்கள். மலையில் 40 ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றாத சி.வி.டி.யை நான் நம்ப மாட்டேன். கியர்பாக்ஸ் போனால் கணக்கருடைய 8 லட்சத்தில் பெரும் பகுதி ஒரே நாளில் முடிந்துவிடும்.

பிறகு தோட்டத்து ரோட்டு. கல் தெறித்து எஞ்சினுக்குக் கீழே ஒயில் சட்டி நெளிந்திருக்கும், புஷ், போல் ஜொயின்ற், ஷொக் மவுன்ட் எல்லாம் தளர்ந்திருக்கும். கொழும்பில் பத்து வருடம் ஓடிய வாகனத்தையும் ஒரு தோட்டத்துக்குள் ஐந்து வருடம் ஓடிய வாகனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ரேம்பில் (கீழே நின்று பார்க்க வாகனத்தைத் தூக்கும் மேடை) ஏற்றிப் பார்த்தால், கொழும்பு வாகனத்தை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. 2016 ஜப்பான் சிறிய கார் என்றால் பெரும்பாலும் சுசூகி வாகன் ஆர் ஆக இருக்கும். அது பெற்றோல் குடிக்காது. கணக்கர் வைத்த 5 லட்சப் பெற்றோல் வித்தியாசத்தை எடுத்துவிட்டு, அதை அப்படியே திருத்த வேலைக்குச் சேர்க்கலாம். மொத்தம் மாறாது.

எல்ல ஹயர்

நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஆள். எனக்கு மாதம் மூவாயிரம் கிலோமீற்றர் ஓடும், ஐந்து வருடத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அப்படி ஓடினால் கணக்கு வேறு. பெற்றோல் வித்தியாசம் 5 லட்சம் என்பது 15 லட்சம் ஆகும். திருத்த வேலையும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அதோடு வாகனம் கராஜில் நிற்கிற ஒவ்வொரு நாளும் ஹயர் இல்லை. வெள்ளைக்காரரை நானுஓயா ஸ்டேஷனில் காக்க வைத்துவிட்டு வாகனம் பழுது என்று சொன்னால் அடுத்த முறை அவர் வேறு ஆளைத்தான் கூப்பிடுவார். என் மாதிரி ஆட்களுக்குப் புதியது சரி. கொட்டகலை சேருக்குச் சரி என்று சொல்ல மாட்டேன். வாகனம் சம்பாதிக்க வேண்டும், அல்லது மலிவாக இருக்க வேண்டும்.

மஸ்கெலியா மகள்

எல்லாரும் ரூபாவை மட்டும் பேசுகிறீர்கள். இரவு ஒரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது பக்கத்து வீட்டுப் பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மழையில் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா இப்போது நலம். ஆனால் நம்பகத்தன்மைக்கு ஒரு விலை உண்டு என்பதை அன்று முதல் நான் ஏற்றுக்கொண்டேன். அம்மாவின் கிளினிக்குக்காகத்தான் வாகனம் என்றால் சேர் இதையும் யோசிக்க வேண்டும்.

தலவாக்கலைக் கணக்கர்

சகோதரி சொல்வது முழுக்க நியாயம். அந்த நம்பகத்தன்மைக்கு 25 லட்சம் கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அதில் 3 லட்சத்தைப் பாவித்த காருக்கே முதல் மாதத்தில் செலவழித்தால் புது 12 வோல்ட் பெற்றரி, நாலு டயர், பிரேக் முழுக்க, எல்லா ஒயிலும், பெல்ட், பிளக் எல்லாம் மாற்றிவிடலாம். நடு இரவில் ஸ்டார்ட் ஆகாத கார்களில் பெரும்பாலானவை பெற்றரி செத்தவை. குளிர் இடத்தில் பலவீனமான பெற்றரி முதலில் கைவிடும்.

ஹப்புத்தளைக் காற்று

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. கணக்கர் 80 லட்சத்துக் கார் ஐந்து வருடத்தில் 50க்குப் போகும் என்கிறார். என் சித்தப்பா 2018இல் வாங்கிய காரை நாலு வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலையை விடக் கூடவே விற்றார். இங்கே வாகனம் விலை இறங்காது.

தலவாக்கலைக் கணக்கர்

அந்தக் காலம் வேறு, அண்ணே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். டொலர் நெருக்கடி வந்ததும் தடை நீண்டுகொண்டே போனது. நாட்டுக்குள் இருந்த வாகனங்கள்தான் வாகனங்கள், அதனால் பழையது தங்கமானது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறந்துவிட்டது. ஆனால் சுங்க வரி, அதன் மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் கொள்ளளவை வைத்து உற்பத்தி வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி. விலையில் பெரும் பங்கு வரி. அதாவது, நீங்கள் காரோடு சேர்த்து வரியையும் கடனுக்கு வாங்கி, அந்த வரிக்கும் லீசிங் வட்டி கட்டுகிறீர்கள். நாளைக்கு அரசாங்கம் வரியைக் குறைத்தால் 80 லட்சத்துக் கார்தான் அதிகமாக அடி வாங்கும். 45 லட்சத்துக் காரும் இறங்கும், ஆனால் இறங்குவதற்கு அதனிடம் அவ்வளவு உயரம் இல்லை. 2020 தொடக்கம் 2024 வரை நடந்ததை வைத்து அடுத்த ஐந்து வருடத்தை முடிவு செய்யாதீர்கள்.

கண்டி வீதியோரம்

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே: ஜப்பானில் பாவித்து, இங்கே இன்னும் பதிவு செய்யாத ரீகண்டிஷன் வாகனம். மூன்று வருடத்துக்குள் இருக்கும். ஆக்ஷன் ஷீட்டை (ஜப்பான் ஏலத்தில் கொடுக்கும் பரிசோதனைத் தாள்) வாங்கி, செஸி நம்பரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அது உண்மையான ஷீட்டாக இருந்தால் மைலேஜ் நம்பகமானது. இங்கே ஓடிய வாகனத்தில் மீற்றரைச் சுற்றிக் குறைத்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். விலை மட்டும் புதியதற்குக் கிட்டவே இருக்கும், வரி அங்கேயும் உண்டு.

பதுளை மின்சாரம்

மின்சாரக் கார் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். 2022 யாருக்கும் மறந்திருக்காது. பெற்றோல் 470 ரூபா வரை போனது, எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். முறை வந்ததும் காருக்கு வாரம் 20 லீட்டர்தான் தொடக்கத்தில் கொடுத்தார்கள். அதிலிருந்து பெற்றோலை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மலையில் பழைய மின்சாரக் கார் வாங்கும்போது ஒரு கணக்குப் போடுங்கள். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் உயரம் சுமார் 1400 மீற்றர். ஒன்றரைத் தொன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 5.7 கிலோவாட் மணி வேண்டும். அது ஓடுவதற்கான மின்சாரத்துக்கு மேல். முதல் நிசான் லீஃப் மின்சாரக் கார்களில் பெற்றரி 24 கிலோவாட் மணி, பத்து வருடம் கழித்து அதில் எவ்வளவு மிச்சம் என்று விற்பவரிடம் கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். கருவி பூட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இறங்கும்போது ஒரு பகுதி பெற்றரிக்குத் திரும்பும், பிரேக் பேட் நீண்ட நாள் வரும், அது பெரிய லாபம். வீட்டில் சார்ஜ் பண்ணத் தனியான வயர் இழுக்க வசதி இருக்க வேண்டும். தோட்டத்துக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இப்போதைக்கு நான் சிபாரிசு செய்யவில்லை.

ஹைபிரிட் எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: டொயோட்டா அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே பெற்றரிக்குக் காற்று இழுக்கும் ஓட்டை இருக்கிறது. அங்கே தூசியும் நூலும் அடைந்து கிடந்தால் பெற்றரி சூடாகியே செத்திருக்கும். கை வைத்துப் பாருங்கள், அரை நிமிட வேலை.

கொட்டகலை வாசி

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து மனைவியோடு எல்லாவற்றையும் வாசித்தோம். 93 ஆயிரம் தவணையைப் பார்த்ததும் அவர் சொன்னது: "அது எனக்கு வரும் சம்பளம் முழுக்க." பாவித்தது என்று முடிவுக்கு வந்துவிட்டோம். 45 லட்சத்துக் கார் கம்பளையில் நிற்கிறது. என்ன பார்க்க வேண்டும், பாஸ் அண்ணே?

பண்டாரவளை பாஸ்

கம்பளை என்றதும் முதலில் ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மலையடிவாரத்திலும் ஆற்றோரங்களிலும் எத்தனையோ வாகனம் தண்ணீருக்குள் நின்றது. கழுவித் துடைத்து விற்பார்கள். ஸீற் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், அடியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். ஸ்பெயார் டயரைத் தூக்கிக் கீழே விரலால் தடவுங்கள், மெல்லிய மண் வந்தால் போதும், வாகனத்தை விட்டுவிடுங்கள். ஸீற்றுக்கு அடியில் தண்டவாளம் துரு பிடித்திருக்கிறதா பாருங்கள். கார்ப்பெற்றை மாற்றலாம், தண்டவாளத்தை யாரும் மாற்ற மாட்டார்கள். வெள்ளம் பட்ட வாகனத்தில் வயரிங் பிரச்சினை ஆறு மாதம் கழித்துத் தொடங்கும், அதற்கு முடிவே இல்லை.

காலையில் போங்கள். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பொனெற்றில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். டயரில் நாலு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. விற்பவர் சொல்லும் மைலேஜோடு அது பொருந்துகிறதா என்று யோசியுங்கள். முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அடியில் வேலை இருக்கிறது.

சமதரையில் ஓட்டிப் பார்த்து எந்தப் பிரயோசனமும் இல்லை. புஸ்ஸல்லாவைப் பக்கம் ஏறுங்கள். நல்ல மேட்டில் நடுவில் நிறுத்தி, ஏ.சி. போட்ட நிலையில், எல்லாரும் உள்ளே இருக்க, திரும்ப எடுங்கள். நடுங்குகிறதா, எஞ்சின் சத்தம் ஏறி வாகனம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். உயரம் கூடக் கூட எஞ்சினுக்குக் காற்று குறையும். டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியா உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி அளவுக்கு இழக்கும், அது வாகனத்தின் குற்றம் இல்லை. ஏறி இறங்கி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் பொனெற்றைத் திறந்து ரேடியேற்றர் கூலன்ட் வாசம், ஒயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்ல ஹயர்

ரேம்ப் இருக்கும் கராஜுக்குக் கொண்டுபோய்க் கீழே பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

தலவாக்கலைக் கணக்கர்

கடதாசி விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன், சேர். சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். விற்பவர் தீர்த்துவிட்டேன் என்று வாயால் சொல்வதை எடுக்காதீர்கள், கம்பனியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். எஞ்சின் நம்பர், செஸி நம்பர் இரண்டையும் நேரில் பார்த்துப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவாகியிருக்க வேண்டும்.

ஓப்பின் பேப்பரில் வாங்கவே வாங்காதீர்கள். முன்னைய உரிமையாளர் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்த கடதாசியோடு நாலு கை மாறி வரும் வாகனத்துக்கு, நீங்கள் காசு கொடுத்தும் உரிமையாளர் வேறு ஒருவர்தான். அவர் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ பெயர் மாற்ற அலைந்து திரிவீர்கள். காசு கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, அப்படியே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்விடுங்கள். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், நிலுவை இருந்தால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மகள்

பெற்றரியை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள் சேர். அம்மாவுக்காக.

கொட்டகலை வாசி

சனிக்கிழமை காலை போகிறோம். கணக்கர் தம்பி சொன்ன 3 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், பெற்றரிதான் முதல் வேலை. ரேம்ப் பார்க்க அனுமதிப்பீர்களா என்று விற்பவரிடம் போனில் கேட்டேன், சரி என்றார். லீசிங் தீர்ந்த கடிதத்தின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுப்பேன்.

பண்டாரவளை பாஸ்

அட்வான்ஸ் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள், ரேம்ப் பரிசோதனையில் பிழை வந்தால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும்.